மாப்பிள்ளைக்கு எடுத்த சின்ன வாட்ச்

எங்களில் ஆண்கள் தங்கம் போடக் கூடாது. அதனால் கல்யாண மாப்பிள்ளையின் மொத்த ஜம்பமும் ஒரு கைக்கடிகாரத்தில்தான் இறங்கும். நிக்காஹ்வுக்குச் சற்று முன்னால், சபை பார்க்க, பெண்ணின் தாய்மாமன் அதைக் கட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலம். வருஷத்துக்கு வருஷம் மாப்பிள்ளை வாட்ச் பருத்துக்கொண்டே போனது.

என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, நிச்சயமானபோது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது ஊறுகாய் பாட்டில் மூடி அளவு இருந்தது. பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள். அவை எதற்கு என்று மாமாவுக்கே தெரியாது. பத்து வயதுக்காரியான நான் சொக்கிப்போனேன்.

லாத்தா அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், தன் கைக்காசில் வேறொன்று வாங்கினாள். வெள்ளை முகம், மெல்லிய இரண்டு முள், கறுப்புத் தோல்வார், அவ்வளவுதான். தேதிகூடக் காட்டாது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பொம்பளை வாட்ச் மாதிரியில்ல இருக்கு. சபையில கட்டுறது கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா?"

"கட்டிக்கிறவருக்கு மணி தெரிஞ்சா போதும் உம்மா. கடைசி வரிசைக்கு எதுக்கு?"

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வாப்பா இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் மாமாவின் வாட்ச்தான் என்று முடிவானது. லாத்தா சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று உம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஓடக்கூடியவர்கள் என்னைப் போன்ற வாண்டுகள்தான். லாத்தா என்னை இழுத்து உட்காரவைத்து, சின்னப் பெட்டியை என் கையில் திணித்தாள்.

"மாப்பிள்ளைக்கிட்ட குடு. இது பொண்ணு எடுத்ததுன்னு மட்டும் சொல்லு. என்ன செய்யிறாருன்னு பாத்துட்டு வா."

கீழே போனேன். மாப்பிள்ளையை நெருங்குவதற்குள் அவருடைய பெரியப்பா பெட்டியை வாங்கித் திறந்தார். "பொண்ணுக்கு எடுத்த வாட்சை இங்க கொண்டாந்துட்டியேம்மா" என்று சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். பெட்டியோடு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானத்தில் காது சுட்டது.

லாத்தா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பெட்டியை மறுபடி என் கையிலேயே வைத்தாள். "திரும்பப் போ."

இரண்டாவது முறை போனபோது மாமா தம் வாட்சைக் கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளையின் ஒல்லிக் கையில் அது வளையல்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. இனி எதற்கு என்று திரும்பியிருப்பேன். மாடியில் லாத்தாவின் முகம் ஞாபகம் வந்தது. சபை நடுவே நின்று, "இது பொண்ணு எடுத்தது" என்று கத்தியேவிட்டேன்.

மறுபடியும் சிரிப்பு. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய வாட்சைக் கழற்றி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாமாவிடம் கையை நீட்டினார்.

"மாமா, இதையும் நீங்களே கட்டிவிடுங்க."

மாமாவுக்கு வேறு வழியில்லை. கட்டிய மறுநொடி அது சட்டைக் கைக்குள் போய் மறைந்தது. முதல் வரிசைக்குக்கூடத் தெரியவில்லை. பெரியப்பா ஏதோ கேலி செய்தார், மாப்பிள்ளை கழற்றவில்லை.

மூச்சிரைக்க மாடிக்கு ஓடினேன். அங்கே வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் லாத்தாவின் முன்னால் நின்றிருந்தார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்க வந்தவர்கள். வாப்பா இரண்டு தடவை கேட்டும் லாத்தா பதில் சொல்லவில்லையாம். பெண்ணுக்கு வெட்கம் என்று யாரோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லாத்தா என்னைப் பார்த்தாள்.

"கட்டிக்கிட்டாரா?"

"ம்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஆமா லாத்தா, ரொம்ப."

"அப்பவும் கழட்டலையா?"

"கழட்டல."

அவள் வாப்பாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்மதம்" என்றாள்.

ஒரு வாட்சுக்காக எல்லோரையும் இப்படிக் காக்க வைத்தாளே என்று எனக்கு அவள்மீது கோபம். நான் வந்து சொல்லும்வரை அவளுக்கே பதில் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.