புது மீனுக்குத் தனித் தொட்டி கேட்டவர்

திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் முன்பே அட்டெண்டர் கிட்டான் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க சார், பீருமேட்டம்மா போயிட்டாங்களாமுங்க. பிரின்சிபால் ரூமுக்கு டிரங்கால் வந்துச்சுங்க" என்றார். எங்கள் விலங்கியல் துறைத் தலைவர் எஸ்தர் டீச்சரை அவர் அப்படித்தான் சொல்வார். டீச்சர் விடுப்பில் பீர்மேட்டுக்கு, தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பியவருக்கு நெஞ்சுவலி. எஸ்டேட் ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தேன்.

கல்லூரி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய மாணவர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியில் அவர் என்னைவிட இளையவர். இருந்தும் தலைவர் பதவி அவருக்குப் போனது. நிர்வாகம் சொன்ன காரணங்களை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இரங்கல் கட்டுரையில் இதை எழுதலாமா என்று முகம் சுளிக்கப்போகிறவர்கள், போன வாரம்வரை அவரைப் பற்றி ஓய்வறையில் என்ன பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ரேடியோவில் பங்களாதேஷ் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்த ஆண்டில்தான் எங்கள் துறைக்குக் கடல்மீன் தொட்டி வந்தது. கடல் இல்லாத கிழக்குப் பாலக்காட்டில் அது பெரிய அதிசயம். பொன்னானியிலிருந்து வரும் மீன் லாரிக்காரர்கள் பிளாஸ்டிக் கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து இறக்குவார்கள். முகப்பில் சன்னலோரம் பெரிய தொட்டி. அதில் பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிர் ஒன்று, அதன் விரல்களுக்குள் புகுந்து விளையாடும் ஒரு சோடிக் கோமாளி மீன்கள். உள்ளே ஆய்வகத்து மூலையில் இன்னொரு சிறிய தொட்டி. புதிதாக வரும் மீன் எதுவானாலும் முதலில் அங்கேதான் வாசம். அதற்கென்று தனி வலை, தனிக் குவளை. அங்கே தொட்ட கையைக் கழுவாமல் இங்கே வந்தால் பிரின்சிபாலுக்கும் டீச்சரிடம் திட்டு விழும். ஏலக்காய் மூட்டைகளை நிறுத்திச் சோதிக்கும் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடி வழியாக டீச்சர் ஊருக்குப் போய் வருவார் என்பதால், மாணவர்கள் அந்தச் சிறிய தொட்டிக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்.

துள்ளிக்கொண்டிருக்கும் மீனை எதற்குச் சிறை வைப்பது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். தோற்கடிக்கத்தான் கேட்டேன்.

"உங்க ஊரு வேலந்தாவளந்தானே சார்?" என்றார். "சந்தையில வாங்குன மாட்ட நேராக் கொண்டுபோய் மத்த மாட்டோட கட்டுவாங்களா உங்க அப்பா?"

கட்டமாட்டார். எங்கள் பக்கத்தில் யாருமே கட்டமாட்டார்கள். கோமாரிக்குப் பயந்து, புது மாட்டைத் தோட்டத்துக் கோடியில் தனியே கட்டி, தீவனக் கூடையைக்கூடத் தனியாக வைப்பார்கள். "நல்லா இருக்குன்னு நாம சொல்லக் கூடாது சார். மீனு சொல்லணும்" என்று டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதிய அறிவியல் கட்டடத்தைத் திறக்க அமைச்சர் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. கல்லூரி மேனேஜர், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி மீனை வரவழைத்துத் தம் காரிலேயே கொண்டுவந்தார். உண்மையிலேயே அழகான மீன். வெயிலை வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. டீச்சர் அதை வாங்கி வணக்கம் சொல்லிச் செக்போஸ்ட்டில் விட்டார்.

"ஏனுங்க டீச்சர், மினிஸ்டர் மூலைக்கு வந்து எட்டிப் பாப்பாருங்களா? பெரிய தொட்டியில விடுங்க" என்றார் மேனேஜர்.

"கொஞ்ச நாளு இங்க கிடக்கட்டும் சார். பெரிய தொட்டியில நோய் பூந்தா மருந்து ஊத்த முடியாது. துருசு பட்டாக் கடல் சாமந்தி செத்துப்போகும்."

எஸ்டேட்டில் ஏலச்செடிக்கு அடிக்கும் அதே துருசுதான், அதாவது மயில்துத்தம்தான், மீனுக்கும் மருந்து. அளவு தெரிந்து, சிறிய தொட்டியில் மட்டும் கலக்கலாம். மேனேஜருக்கு இந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "விழாவுக்குள்ள மீனு பெரிய தொட்டியில இருக்கோணும். அந்தம்மா மாட்டேங்குது. நீங்க பாத்து, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பறம் அந்தத் தலைவர் நாற்காலி உங்குளுதுங்க."

நான் வலையை எடுக்கும் எண்ணத்தோடுதான் ஆய்வகத்துக்குப் போனேன். டீச்சருக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. எங்கள் கல்லூரிச் சுவர்கள் அப்படி. முகத்தில் எதுவும் காட்டவில்லை. முக்காலியைச் சிறிய தொட்டியின் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு செகண்ட் பி.எஸ்ஸி. க்ளாஸ் இருக்கு சார். நீங்க உக்காந்து பாருங்க. விடலாம்னு தோணிச்சுன்னா, வலை அந்தா கிடக்கு."

போய்விட்டார். உட்கார்ந்தேன். மீனின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. நல்லா இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் எந்த நிபுணராலும் மறுத்திருக்க முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது, மீன் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கல்லில் உரசிவிட்டு விலகியது. சற்று நேரத்தில் மறுபடியும் உரசியது. செவுள்கள் இருக்கவேண்டிய வேகத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. விலங்கியல் படித்தவனுக்கு அதற்குமேல் வேண்டாம். கதவு வழியே தெரிந்த முகப்புத் தொட்டியில் கோமாளி மீன்கள் ஒன்றும் அறியாமல் சாமந்திக்குள் போய்வந்துகொண்டிருந்தன.

மேனேஜரிடம் போய், "ஆகாதுங்க. மீனுக்குச் சீக்கு" என்றேன்.

"ஏனுங்க, அந்தம்மாளுக்கு நீங்களும் ஜால்ரா அடிக்கிறீங்களா?"

"அவங்களுக்கு அடிக்க எனக்கென்னங்க தலையெழுத்து? பாத்ததச் சொன்னேன்."

நாற்காலி அன்றோடு போனது. விழாவில் அமைச்சர் பெரிய தொட்டியின் முன் நின்று கோமாளி மீன்களைப் பார்த்து, "இது கடிக்குமா?" என்று மலையாளத்தில் கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு மஞ்சள் மீனின் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் எழுந்தன. டீச்சர் துருசுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைப் பிழைக்க வைத்தார். உடனே மாற்றிவிடவும் இல்லை. புள்ளி மறைந்த பிறகும் வெகுகாலம் அங்கேயே வைத்திருந்தார். ஒருநாள் ஓய்வறைக்கு வந்து, "வாங்க சார், உங்க மீனுக்கு இன்னைக்குக் குடிபோகுதல்" என்று கூப்பிட்டார். நான்தான் அதைப் பெரிய தொட்டியில் விட்டேன். கோமாளி மீன்கள் ஒருமுறை துரத்திப் பார்த்துவிட்டுத் திரும்பின. அன்று நாங்கள் இருவரும் அங்கேயே நின்று தேநீர் குடித்தோம். நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

துறைத் தலைவர் பொறுப்புக்கான உத்தரவு இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்குக் கிடையாது. இருப்பதாக நடித்தால் முதலில் சிரிப்பவர் எஸ்தர் டீச்சராகத்தான் இருப்பார்.

தொட்டியும் மீன்களும் கல்லூரிச் சொத்து. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது ஒன்றுதான். நான் ஒரு பொய் சொன்னால் போதும், அவர் பதவி என்னுடையதாகும் என்று தெரிந்திருந்தும், என்னை அந்த அறையில் தனியே விட்டு அவர் பாடம் நடத்தப் போனார். திரும்பி வந்து, என்ன சொன்னீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் என் கண்ணை அப்படி நம்பியவர் வேறொருவர் இல்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.