நான்காம் பாகம்

நான் படிக்கக் கொடுத்த நாவலின் மூன்றாம் பாகத்து அட்டை உப்புக்காற்றில் அப்பளம் போலப் பொங்கியிருந்தது. எங்கள் கடைக்கு வரும் அக்கா அதை மீன் ஐஸ் பெட்டியின் மேல் வைத்துப் படிப்பார். பக்கமெல்லாம் வாடை ஏறிவிட்டதே என்று நான் கத்தினால், "கடல் கதைக்குக் கடல் வாசனை வோணாவா?" என்பார்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிக்கொடுக்கும் மளிகைக்கடை எங்களுடையது. தெற்கேயிருந்து வந்து கடை போட்ட அப்பாவுக்கு வியாபாரம்தான் உலகம். எனக்கோ வருகிறவரையெல்லாம் பிடித்துவைத்து மாயாஜால நாவல் படிக்கச் சொல்லும் வியாதி. பருப்பு கேட்டவரிடம் டிராகனைப் பற்றிப் பேசினால் யார் நிற்பார்கள்? அக்கா ஒருவர்தான் நின்றார். கணவரின் படகுக்குச் சாமான் வாங்க வந்தவர், ஒரு நீண்ட தொடரின் முதல் பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனார். மூன்றாம் பாகத்தின் முடிவில் அதன் நாயகன் கப்பலோடு பனிமூட்டத்துக்குள் மறைந்துபோவான்.

மாலையில் கடைவாசலில் நின்று இருவரும் துறைமுகத்தைப் பார்ப்போம். வடக்கே மங்கலாகத் தெரியும் புகைபோக்கிகள் மந்திரவாதிகளின் கோபுரங்களாகிவிடும். கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைக் காட்டி, "தோ பாரு தம்பி, டிராகனுங்க தண்ணி குட்ச்சிகினு கீதுங்க" என்பார். அந்த நேரத்தில் லாரி ஹாரன்கூட எனக்கு ஏதோ கோட்டையில் ஊதும் சங்காகத்தான் கேட்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று அக்கா வீட்டில் கேட்கமாட்டார்கள். அக்கா கதைக்கும் அதே சட்டத்தை வைத்திருந்தார். "கேட்டா ஆவாது தம்பி. வரும்போது வரட்டும்." முடிவை நான் கொஞ்சம் கசியவிட்டாலும் வசவு விழும்.

ஒரு மழைக்காலப் புயலில் அவர் கணவரின் படகு திரும்பவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சில வாரங்கள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். அவருக்காக முன்பே எடுத்துவைத்த நான்காம் பாகம் அரிசி மூட்டைமேல் கிடந்தது. நான் அதை மறைப்பதற்குள் பார்த்துவிட்டார். தொடவில்லை.

"தம்பி, அந்தக் கப்பல்காரன் வர்றானா?"

ஒருநாளும் கேட்காதவர் கேட்டுவிட்டார். நான்காம் பாகத்தில் உடைந்த பலகை ஒன்றுதான் கரை ஒதுங்கும். வருவான் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை, வரமாட்டான் என்று சொல்ல மனம் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"வோணாம், சொல்லாத. அது இங்கியே கெடக்கட்டும்."

அழுகை எனக்குத்தான் வந்தது. அவர் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா இப்போது காசிமேட்டில் மீன் விற்கிறார். கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது. என் வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டதால், மீன் வாங்க வருகிறவர்களைச் சும்மா அனுப்புவதில்லை. போன வாரம் நான் போய் நின்றபோது, ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அந்தத் தொடரைப் படித்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை பாகம் என்று அவள் கேட்டாள்.

"மூணு," என்றார் அக்கா, செதில் சுரண்டிக்கொண்டே.

நாலு என்று எங்கோ கேள்விப்பட்டதாக அந்தப் பெண் இழுத்தாள். அக்காவின் கத்தி நின்றது. புத்தக விஷயத்தில் யார் தப்பாகச் சொன்னாலும் விடாதவன் நான்.

"இல்லம்மா," என்றேன். "மூணுதான்."