கப்பல் எஞ்சினியரின் கடைசி மகன்

இது நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்னர், ஜெர்மனியில் நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரு கொம்பனியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். காலை ஆறரைக்குக் காரை எடுத்தால் மத்தியானத்துக்குள் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டும். ஒருவருக்கு ஊசி, ஒருவரைக் குளிக்கவார்க்க வேண்டும், ஒருவருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். என் பட்டியலில் மூன்றாவது வீடு அந்த அம்மாவுடையது.

அவர் ஸ்கொட்லாந்துக்காரர், எழுபத்திரண்டு வயது. இளம் வயதில் இங்கே இருந்த பிரிட்டிஷ் இராணுவ முகாமில் தட்டெழுத்து வேலைக்கு வந்து, ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கலியாணம் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இரண்டு கால்களும் வீங்கியிருக்கும். இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, காதுகளில் கேட்கும் கருவிகளை வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது. இருபது நிமிடம். ஆனால் அந்தக் காதுகள் இருக்கிறதே! தோசையைத் திருப்பும்போது சில நேரம் ஓரம் மடிந்துபோகுமே, அப்படி மேல் ஓரம் மடிந்திருக்கும். கருவி நிற்கவே நிற்காது. "எங்கள் குடும்பக் காது. அப்பாவுக்கும் இதேதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சிரிப்பார்.

அவருடைய சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமிருக்காது. முழுக்கக் கடதாசி. பழைய கப்பல் பதிவுகளின் பிரதிகள், தேவாலயப் பதிவுகள், கடிதங்கள். அவருடைய அப்பாவின் அப்பா கப்பலில் எஞ்சினியராம். மனைவியையும் ஐந்து வயது மகனையும் விட்டுக் கடலுக்குப் போனவர். கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. நடுவழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் கப்பல் பதிவில் இருந்தது. அந்த ஐந்து வயது மகன்தான் இந்த அம்மாவின் அப்பா. அவர் சாகும் வரைக்கும் வீட்டு மணி அடித்தால் முதலில் எழும்பி ஓடுவாராம்.

"அவர் எங்களை விட்டுவிட்டுப் போகிற மனிதர் இல்லை. காய்ச்சலில் செத்திருப்பார். எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் போதும் எனக்கு" என்பார் அந்த அம்மா. இருபது வருடமாகத் தேடுகிறார்.

தை மாதம் ஒரு நாள், நான் காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, "நீங்கள் இலங்கைதானே, இந்த இடம் தெரியுமா?" என்று அந்த எஞ்சினியர் கடைசியாக அனுப்பிய, அண்மையில்தான் தனக்குக் கிடைத்த தபாலட்டையை நீட்டினார். ஊரின் பெயரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. யாழ்ப்பாணக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். என் அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். நான் சைக்கிளில் போய் நண்டு வாங்கிய இடம்!

அன்று நானும் என் கதையைச் சொன்னேன். என் அண்ணாவும் கடலில் போனவர்தான். போர்க்காலத்தில் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்களை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஆபிரிக்காவில் ஒரு துறைமுகத்திலிருந்து, "நாளைக்குக் கப்பல் ஏறுறன்" என்று தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அவரோடு அங்கே நின்ற ஒருவர் இப்போது ஹனோவரில் இருக்கிறார். தான் அடுத்த கப்பலில் வந்ததாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்வார். இதைக் கேட்டு அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இருபது நிமிட வேலைக்கு ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரர் ஊசிக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுக் கொம்பனிக்குப் போன் அடித்து, எனக்கு நல்ல ஏச்சு கிடைத்தது.

ஊரில் என் பெரியம்மாவின் மகள் இருக்கிறார். ஓய்வுபெற்ற ரீச்சர். எந்த வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது வரைக்கும் தெரிந்த ஆள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"எடி, உன்ர வெள்ளைக்காரனைக் கண்டுபிடிச்சிட்டன்! ஆள் காய்ச்சலில சாகேல்லை, கடலிலயும் சாகேல்லை. இஞ்சயே கலியாணம் கட்டி, நாலு பிள்ளை பெத்து, வயசுபோய்ப் படுக்கையில செத்தவர்."

அக்கா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கலியாணப் பதிவில், முன்னர் மணமாகாதவர் என்று எழுதியிருக்கிறதாம். பொய் சொல்லித்தான் கட்டியிருக்கிறார். பிறகு துறைமுகத்திலும் நெல்லு மில்லுகளிலும் இயந்திரம் திருத்திச் சீவித்திருக்கிறார். பிள்ளைகளில் மூன்று பேர் வாரிசு இல்லாமலே இறந்துவிட்டார்கள். கடைசி மகன் மட்டும் உயிரோடு, கோயிலுக்குப் பக்கத்திலேயே, கலியாணம் கட்டாமல் தனியாக இருக்கிறார். வயது எண்பத்துமூன்று.

"அவரட்டைப் போனனான். விஷயத்தைச் சொன்னவுடன மனுசன் எழும்பி நிண்டிட்டார். 'அப்பாவின்ர ஆக்கள் ஆரும் இருக்கினமோ?' எண்டு அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவர். உன்ர அந்த ஸ்கொட்லாந்து அம்மாவின்ர நம்பரைக் கேக்கிறார். குடுக்கட்டோ?"

கூடவே வட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த மனிதர், கதிரையில் நேராக உட்கார்ந்திருக்கிறார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தேன். அதே மடிந்த காது. தினமும் காலையில் நான் கருவி வைக்கிற காது.

"பொறுங்கோ அக்கா, குடுக்காதேங்கோ. நான் பக்குவமாச் சொல்லிப்போட்டுச் சொல்லுறன்" என்றேன்.

"ஓம், ஆனா கெதியாச் சொல்லு. மனுசனுக்கு எண்பத்துமூண்டு வயசு."

நான் சொல்லவில்லை.

ஒரு விஷயமும் என் வாயில் ஒரு நாள் தங்காது என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். அந்த வாய் இதை மட்டும் ஏழு மாதம் பூட்டி வைத்திருந்தது. ஏனென்றால் எங்களுக்கு இது பழக்கம். எங்கள் குடும்பங்களில் கெட்ட செய்தியை நோயாளிக்குச் சொல்ல மாட்டோம். ஊரில் என் அப்பா இறந்தபோது நான் இங்கே வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, கதைக்க ஏலாது என்று சொல்லியே முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நல்லதுக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அதே நல்லதைத்தான் இந்த அம்மாவுக்கும் செய்கிறேன் என்று நினைத்தேன். அவர் நம்பியிருந்தது ஒரு நல்ல தாத்தாவை. அந்தத் தாத்தா ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏமாற்றிய ஆள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. அதை இன்றுவரைக்கும் வீட்டிலும் சொன்னதில்லை. அந்த எஞ்சினியரைக் கட்டியவள் எங்கள் பக்கத்துப் பெண். 'உங்கள் ஊர்க்காரிதான் என் அப்பாவின் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டாள்' என்று அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம், வெட்கம். இவ்வளவு சின்னப் புத்தி எனக்கு.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் கேட்பார், ஊரிலிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று. தேடுகிறார்கள் என்பேன். பழைய புத்தகங்கள் போரில் அழிந்துபோயிருக்கலாம் என்பேன். சொல்லும்போது முகம் தெரியாமல் காலுறைக்கு மேலே குனிந்துகொள்வேன். "பாவம், உங்கள் வேலைக்கு நடுவில் இது வேறு" என்று அவர் எனக்குக் கேக் வெட்டித் தருவார். அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மறுபக்கம் ஊரிலிருந்து அக்கா. "எடி, அந்த ஐயா கோயிலுக்கு வாற நேரமெல்லாம் என்னைக் கண்டா, போன் வருமோ எண்டு கேக்கிறார். என்ன கதைக்கிறது எண்டு இங்கிலீசில ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறாராம். நான் என்ன சொல்லட்டும்?"

"அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, பொறுக்கச் சொல்லுங்கோ" என்றேன். இரண்டு பக்கமும் பொய். ஆவணியில் கெவெலார் மாதா கோயிலுக்கு இங்குள்ள தமிழ்ச் சனமெல்லாம் யாத்திரை போனபோது நானும் போய், அந்த அம்மாவின் மனம் நோகாமல் பார்த்துக்கொள் தாயே என்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். மாதா என்னைப் பார்த்து என்ன நினைத்தாவோ.

ஐப்பசியில் அக்காவின் போன் வந்தது. இந்த முறை 'எடி' இல்லை.

"அந்த ஐயா மோசம் போயிட்டார். காலமைப் பூசைக்கு வெளிக்கிட்டவர், வாசலிலயே விழுந்திட்டார்."

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். காலுறையை மாட்டினேன். காதுகளில் கருவிகளை வைத்தேன். பிறகு போனில் அந்த ஐயாவின் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பார்த்தார். இன்னும் கிட்ட வைத்துப் பார்த்தார். அவருடைய கை தன்னாலே போய்த் தன் காதைத் தொட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன்! ஒரு சின்னப் பிள்ளையின் முகம் வந்துவிட்டது அவருக்கு.

"யார் இவர்? எங்கே இருக்கிறார்? போன் போடுங்கள், இப்போதே போடுங்கள்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினியர் சாகாதது, கலியாணம், நான்கு பிள்ளைகள், இவர் கடைசி மகன் என்பது, நேற்று இவர் இறந்தது. தாத்தா ஏமாற்றியதைச் சொன்னபோது அவர் உடைந்துபோவார் என்று பார்த்தேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஏழு மாதம் நான் பயந்துகொண்டிருந்த செய்தி அதுதான்!

அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் பதிவுகளைப் படித்த கண்ணல்லவா. படத்துக்கு மேலே இருந்த திகதியில் விரலை வைத்தார்.

"இது மார்ச் மாதம் வந்திருக்கிறது."

"ஓம்."

"இப்போது ஒக்டோபர்."

உங்களுக்கு மனம் நோகுமென்று பயந்தேன் என்று ஏதோ உளறினேன். அவர் சத்தம் போடவில்லை.

"என் மனம் நோவதும் நோகாததும் என் பாடு. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். இந்த உலகத்தில் எனக்கென்று ஒருவர் இருந்தார். அவரை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள்."

பிறகு கொப்பியின் பக்கத்தைக் காட்டச் சொன்னார். நடுங்கும் கையெழுத்தில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். "வணக்கம். நான் உங்கள் சித்தப்பா. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், மெதுவாகக் கதையுங்கள். அப்பா சாகும் முன்னர், ஊரில் ஒரு மகனை விட்டுவிட்டு வந்ததை என்னிடம் சொன்னார். அவனுடைய பெயரைத்தான் எனக்கு வைத்தாராம். அண்ணா இருக்கிறாரா?" அதற்குக் கீழே தன் பெயரை எழுதியிருந்தார். அந்த அம்மா அந்தப் பெயரை வாய்விட்டு ஒரு முறை வாசித்தார். அவருடைய அப்பாவின் பெயர்.

அழவில்லை அவர். நான் சற்று முன்னர் வைத்த இரண்டு கருவிகளையும் காதிலிருந்து கழற்றி, கடதாசிகளுக்கு மேலே வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டேன், ஜெர்மனில் தொடங்கித் தமிழில் அழுதேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே கழற்றினார்.

அடுத்த நாள் என் பட்டியலில் அந்த வீடு இல்லை. வேறு ஆளை அனுப்பச் சொன்னாராம். காரணம் சொல்லவில்லை என்றார்கள். சொல்லியிருக்கலாம். மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்தத் தெருவால் போகவே கால் கூசியதில் கொம்பனியையும் மாற்றிக்கொண்டேன். போன வருடம் சந்தையில் ஒரு நாள் கண்டேன். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தார். காதில் கருவிகள் இருந்தன. என்னைக் கண்டதும் வாங்காமலே போய்விட்டார். அவருடைய மேசையில் இப்போதும் அந்தக் கடதாசிகள் இருக்கின்றனவா தெரியாது. தேடுவதற்கு இனி அவருக்கு யாருமில்லை.

காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் அந்த அம்மா மட்டுமில்லை.

இந்த வருடம் ஒரு கலியாண வீட்டில் ஹனோவர்க்காரரைக் கண்டேன், அண்ணாவோடு துறைமுகத்தில் நின்றவர். வழக்கம்போல என் தோளைத் தட்டி, "எங்கையெண்டாலும் இருப்பார் பிள்ளை, ஒரு நாளைக்கு வருவார்" என்றார். சொல்லும்போது குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை. இத்தனை வருடமும் அவரை எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன். அன்று அவர் குனிந்த விதத்தை நின்று பார்த்தேன். அப்படிக் குனிவது எப்படியென்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் நான் குனிந்திருக்கிறேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்க வாய் திறந்தேன். அவர் பந்திக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போகவில்லை. எனக்கு மனம் நோகக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் என் அண்ணாவை இருபத்தைந்து வருடமாகத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை, அதே பாவத்தைச் செய்த நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?