பயறு எண்ணிய பிள்ளைகள்

பொகோட்டாவின் மேட்டுத் தெருவுக்குக் குடிவந்த அன்றே நூபியா அந்தப் பெயரைக் கேட்டாள். "பிள்ளைய எதெல்வீனாக்காகிட்ட விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அரசு தரும் சாமான்களைக் கொண்டு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தன் வீட்டிலேயே இருபது வருஷம் பார்த்துக்கொண்டவள் எதெல்வீனா. உலை வைக்குமுன் சிவப்புப் பயறையும் வெள்ளைப் பயறையும் பிள்ளைகள்தான் பிரித்து எண்ணுவார்கள்; நூபியாவின் மகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

சோதனைக்கு வந்த அதிகாரியம்மா, "பச்சப் பிள்ளைங்கள வேலை வாங்குறீங்க" என்று எழுதி, அந்த வீட்டுக் காப்பகத்தையே மூடிவிட்டாள்.

"எண்ணுறது வேலையாம்மா? அப்ப நீங்க பள்ளிக்கூடத்துல கூலிக்கா எண்ணுனீங்க?" என்று எதெல்வீனா கேட்டபோது, அதிகாரியம்மா கதவில் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அரசின் புது மையத்தில் நூபியாவின் மகள் இப்போது பிளாஸ்டிக் மணிகளை நிறம் பிரித்து எண்ணுகிறாள். அதற்குப் பெயர் கல்விமுறையாம்!

எதெல்வீனா அதே மையத்தில் தரை துடைக்கிறாள்.