தள்ளினான் என்றுதான் சொன்னேன்

டி.வி.யில் யுத்தம் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். தம்பி ஒரு நாட்டின் பக்கம். அக்கா எந்த நாட்டின் பக்கமும் இல்லை, தம்பிக்கு எதிர்ப்பக்கம். ஒரு கட்டடம் புகையாகிச் சரிந்தபோது தம்பி கைதட்டினான். "நீயெல்லாம் மனுஷனாடா?" என்று அக்கா தலையணையை எறிந்தாள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். சோறு ஆறுகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. வாயால் சொன்னால் பிசகிவிடுமோ என்று ஒரு பயம், அவ்வளவுதான். அந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. நான் எட்டாம் வகுப்பு வரைதான். கட்டுரை எழுதத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். நடுவில் தோன்றுவதையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அப்போது கைக்குழந்தை. தம்பி பிறக்கவில்லை. பிழைக்க வந்த இந்த மலையாளத்து ஊரில், சாலை என்கிற கடைத்தெருவில், மிளகாய்வற்றல் மொத்தக் கடையில் நான் அப்போதே வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. வடக்கே ஏதோ ஊரில் ஒரு கட்சிக்காரரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் ஹர்த்தால். உங்களுக்கு ஹர்த்தால் என்றால் பள்ளிக்கு லீவு. எங்களுக்கு அது அரை ஷட்டர். முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். விடிகாலையில் வந்த லோடை வெளியே போட்டு வைக்க முடியாது, வானம் வேறு மூடியிருந்தது. ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவைத்து, நாங்கள் குனிந்து குனிந்து மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம்.

கொலை நடந்திருக்கிறது, கடையை அடையுங்கள் என்று கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. செத்தவனுக்காக ஒரு நாள் வியாபாரம் நின்றால் குடி முழுகிவிடாது. ஆனால் அடைக்கமாட்டேன் என்று சொல்லவும் இன்னொருவருக்கு உரிமை இருக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் முதல் உரிமையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பத்து மணிவாக்கில் ஊர்வலம் வந்தது. அதில் எங்கள் சந்து முனையில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எங்கள் கடையில் கட்டுகிற சிப்பம், அதாவது சரக்கு மூட்டை, பாதி அவர் வண்டியில்தான் போகும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "எடா பாண்டி, நின்றே மொளகு என்றே வண்டியைத் தும்ம வைக்கும்" என்பார். பாண்டி என்றால் தமிழன்; உன் மிளகாய் என் வண்டியையே தும்ம வைக்கும் என்று கேலி. அன்றைக்குக் கையில் கொடிக்கம்பு. முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அடைக்கெடா!" என்று வந்தவர் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். உள்ளே எடை போடுகிற பெரியவர், எங்கள் பக்கத்து ஆள், வாயை அடக்கத் தெரியாதவர். "மூணு மூட்டைதான் இருக்கு, பொறும்வே. ஒம்ம கட்சி ஓடியா போவும்?" என்று ஷட்டருக்கு அடியில் வந்து நின்றார். ஆட்டோக்காரர் கம்பை இடது கைக்கு மாற்றி, வலது கையை அவர் நெஞ்சில் வைத்து ஒரே தள்ளு. பெரியவர் பின்னால் போய் இரும்புத் தராசின்மேல் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஊர்வலம் அதற்குள் அடுத்த கடைக்குப் போய்விட்டது. ஆட்டோக்காரர் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு அவரும் போனார்.

பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் மருந்து மயக்கத்தில் கிடந்தார். ஆகவே ஸ்டேஷனுக்கு என்னை அழைத்துப் போனார்கள். என் சட்டை முழுக்க மிளகாய் நெடி. நான் உட்கார்ந்ததும் எழுதுகிற போலீஸ்காரர் தும்ம ஆரம்பித்தார்.

"மொழி எடுக்கணும்" என்றார்.

"தமிழ் சார்" என்றேன்.

ஸ்டேஷனே சிரித்தது. "அதல்லடே! மொழி. நடந்தது பறயணும்." மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அசட்டுத்தனத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்து வேகவேகமாகச் சொன்னேன். கையில் என்ன இருந்தது என்று கேட்டார். கொடிக்கம்பு என்றேன். என்ன செய்தார் என்று கேட்டார். சொன்னேன். தும்மிக்கொண்டே எழுதினார். ஒரு பக்கம் ஆனதும் காகிதத்தை என் பக்கம் திருப்பி, "இவிடே ஒப்பிடு" என்றார். கையெழுத்துப் போடு என்று அர்த்தம். தமிழில் அந்த வார்த்தைக்கு உள்ள அர்த்தத்தை நான் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்காது. போட்டுவிட்டேன்.

மறுநாள் ஆட்டோக்காரரைப் பிடித்தார்கள். அதற்கடுத்த நாள் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து என் தோளில் தட்டி, "அண்ணாச்சி ஆளு புலி!" என்றார். நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் ஆட்டோக்காரரின் மனைவி வந்தார். கடைக்குள் ஏறவில்லை. வாசல் சாக்கடையை ஒட்டி நின்று, சத்தம் போடாமல் கேட்டார்.

"சேட்டா, கம்பு வச்சு தல்லுன்னது சேட்டன் கண்ணால கண்டதா?"

கம்பால் அடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கம்பாலயா? இல்லம்மா. சும்மா தல்லினாரு" என்றேன்.

"அதுதான் நானும் கேக்கேன். தல்லியோ?"

"ஆமா, தல்லினாரு. ஆனா கம்பால இல்ல."

"பின்னே கை வச்சா தல்லியது?"

"ஆமா, கையாலதான். இப்படி." வலது கையை நீட்டிக் காற்றைத் தள்ளிக் காட்டினேன்.

அந்த அம்மா என் கையையே பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். "ஈஸ்வரா" என்றார். "சேட்டா, அது தல்லியதல்ல. தள்ளியதாணு."

இதை உங்களுக்கு விளக்கவேண்டாம். நீங்கள் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள். எனக்கு ள வராது. பள்ளிக்கூடம் என்று சொல்லப்போனால் பல்லிக்கூடம் என்று வரும். எங்கள் ஊரில் அதற்கு வாத்தியார் ஒரு குட்டு வைத்தார், அதோடு சரி. பேச்சில் தள்ளினாலும் தல்லினாலும் அங்கே ஒன்றுதான். இங்கே தள்ளினால் தள்ளுதல், தல்லினால் அடித்தல். நான் சொன்னதை அந்தப் போலீஸ்காரர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருக்கிறார். கையில் கம்பு, தல்லினான். சேர்த்து வாசித்தால் கம்பால் அடித்தான். ஆயுதம் என்று வந்துவிட்டதால் ஜாமீன் கிடைக்காத பிரிவு. ஒரு மனிதர் ஜெயிலில் இருந்தார், என் நாக்கு மடங்காததற்காக.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"எல, ரெண்டு கட்சிக்கும் நடுவுல போயி நிக்கப்போறியா? மாத்திச் சொன்னா எதிர்க்கட்சிக்காரன் நீ வெல போயிட்டேன்னு சொல்லுவான். மாத்தாட்டா ஆட்டோக்காரன் கட்சி ஏற்கெனவே அப்படித்தான் சொல்லுது. சும்மா கெட."

"செய்யாததுக்கு ஒருத்தர் உள்ள இருக்காரே, மொதலாளி."

"செஞ்சது பாதி இருக்குல்லா? அதுக்கு இருக்கட்டும்."

இந்தப் பேச்சை நான் அதற்குப் பிறகும் நிறையக் கேட்டிருக்கிறேன். யாரையாவது விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், நெருப்பில்லாமல் புகையுமா என்று டீக்கடையில் யாராவது சொல்வார். பாதி செய்தவனுக்கு முழுத் தண்டனை கொடுத்தால் தப்பில்லை என்று நல்ல மனிதர்களே நினைக்கிறார்கள். நானும் ஒரு ராத்திரி அப்படி நினைத்துப் பார்த்தேன். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைகிட்ட மூஞ்சியக் குடுத்துப் பேசிட்டீங்கல்லா, இனிம எப்படித் தூங்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவரிடமும் சொன்னேன். அவர்தானே அடிபட்டவர். தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். "தள்ளினான்னா என்ன, அடிச்சான்னா என்னடே? என் எலும்பு அர்த்தம் கேட்டா ஒடிஞ்சுது?" என்றார். சண்டை நடக்கிற ஊர்களிலும் அடிபட்டவர்கள் இதைத்தான் கேட்பார்களாக இருக்கும். அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் தண்டனை எழுதுகிறவன் அப்படிக் கேட்கக்கூடாது. அவனுக்கு அர்த்தம்தான் வேலை.

யுத்தத்தைப் பற்றி எனக்குத் தோன்றுவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நீ என்ன பார்த்தாய் என்று கேட்க ஆளிருக்காது. கையில் கம்பு இருந்தது, அவ்வளவு போதும் என்று முடித்துவிடுவார்கள். கம்பு இல்லாதவனும் சாவான். எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே, கேள்வி கேட்க இடம் விடுகிற பக்கம் எதுவோ அந்தப் பக்கம். டி.வி.யில் எனக்கு அப்படி ஒரு பக்கம் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை, எழுதினது எழுதினதுதான், கோர்ட்டில் போய்ச் சொல் என்றார்கள். இரண்டாம் தடவை, யார் உன்னை மிரட்டியது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். யாரும் மிரட்டவில்லை என்றேன். நம்பவில்லை. மூன்றாம் தடவை ஒரு பெண் போலீஸ் இருந்தார். களியக்காவிளைப் பக்கம், இரண்டு பாஷையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணாச்சி, பள்ளி சொல்லுங்க."

"பல்லி."

"வெள்ளம்?"

"வெல்லம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நம்ம ஸ்டேஷன்ல நீங்க வெள்ளம் கேட்டா சர்க்கரைதான் கிட்டும்." குடிக்கிற தண்ணீருக்கு இங்கே வெள்ளம் என்று பெயர். பிறகு எழுந்து நின்று, "என்னைய அந்தப் பெரியவர்னு நெனச்சுக் காணிச்சுத் தாங்க" என்றார். பெண் போலீஸை எப்படித் தள்ளுவது? சுவரில் மாட்டியிருந்த மழைக்கோட்டைத் தள்ளிக் காட்டினேன். இடது கையில் ஒரு ரூல்தடியைக் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். தடி அசையவே இல்லை. அதை அவர் கவனித்தார்.

கூடுதல் மொழி என்று தனியாக எழுதினார். எழுதியதை நான் கேட்காமலேயே தமிழில் சொல்லிக் காட்டினார். நான் அந்த வார்த்தை எது என்று கேட்டேன். விரல் வைத்துக் காட்டினார். பக்கத்தில் இன்னொரு தாளில் தல்லியையும் எழுதிக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்துத்தான் வேறு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். "மொதல்ல எடுத்த மொழிக்குத்தான் ஒப்பு. இதுக்கு வேண்டாம், அதான் சட்டம்" என்றார். பிறகு, "கோர்ட்ல கையக் காட்டினா எழுத மாட்டாங்க. வாய்தான் பேசணும். உங்களுக்கு அந்த வார்த்தை வேண்டாம். உந்தின்னு சொல்லுங்க. உந்தினாலும் தள்ளினதுதான். ரெண்டு பாஷைக்கும் ஒண்ணுதான், நாக்கும் மடங்கண்டாம்" என்றார்.

இப்போது நம் தெருவில் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருக்கிற பையன்கள் மலையாளக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். அவர்களுக்கு எந்தப் பெண் போலீஸ் கிடைப்பாரோ. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்தன் அதைக் கேட்கத் துணிய, அவன் பின்னால் எத்தனையோ நிற்கவேண்டியிருக்கிறது.

ஆயுதப் பிரிவு போனது. ஆட்டோக்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. அதற்குள் கிட்டத்தட்ட ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் கடைவழியே போகும்போது எச்சில் துப்பிவிட்டுப் போனார். ஆட்டோக்காரரின் கட்சிக்காரர்கள் வந்து, "இனி ஒண்ணும் கண்டில்லான்னு சொல்லு, கேசே இல்லாம ஆகும்" என்றார்கள். தள்ளினதைப் பார்த்தேனே என்றேன். அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வழக்கு வர இரண்டு வருஷம் ஆனது. நான் கூண்டில் ஏறினேன். ஆட்டோக்காரர் எதிரே நின்றார். அவர் மனைவி பின் பெஞ்சில். பெரியவர் தூக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"உந்தி" என்றேன்.

"கம்பு கொண்டா?"

"இல்ல. வலது கை வச்சு. கம்பு இடது கையில இருந்துச்சு. அது அசையல."

"உந்தியது நீங்க கண்டதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம். அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "கண்டேன்" என்றேன்.

தள்ளிக் காயப்படுத்தியதற்கு அபராதமும், கோர்ட் பிரியும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தன. சாயங்காலம் வரைக்கும் அந்த அறையின் மூலையில் நின்றார். நான் போயிருக்கலாம். வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. கோர்ட் எழுந்ததும் அவரும் மனைவியும் என்னைக் கடந்து படியிறங்கினார்கள். அந்த அம்மா லேசாகத் தலையை அசைத்தார். ஆட்டோக்காரர் அசைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கடைச் சிப்பத்தை அவர் ஏற்றியதில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.