கை வச்சிருக்கேன்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ். நூல் மில்களுக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். மில் சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் நிரலை யார் திருத்தப் போனாலும் "கை வச்சிருக்கேன்!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தொடமாட்டார்கள். முதலாளிக்கு இந்த ஏற்பாட்டில் பெருமை வேறு.

ஒருநாள் நைட் ஷிப்டு கணக்கில் இருந்த தப்பைத் திருத்தினேன். சத்தமும் கொடுத்தேன். எங்கள் சீனியரோ மல்லாங்கிணறு பக்கம் மில்லில் இருந்தார். அங்கே எப்படிக் கேட்கும்? தன் லேப்டாப்பில் இருந்த பழைய நிரலை நான் திருத்தியதன் மேலேயே ஏற்றிவிட்டார். விடிய விடிய வேலை பார்த்த பெண்களுக்கெல்லாம் ஆப்சென்ட் விழுந்தது. பழி என் தலையில். கடைசியாகச் சத்தம் போட்டது நான்தானே!

"இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா வேலைக்கு வர வேணாம்மா" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும்.

"யாரு எதை மாத்துனாகன்னு காட்டுற கருவி வர்ற வரைக்கும் அந்த சர்வரைத் தொடமாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் பிடித்து வந்தது, ஒரு பட்டனைத் தட்டினால் ஆபீஸ் டேட்டாபேஸையும் மில் டேட்டாபேஸையும் ஒப்பிட்டுத் தானே சரிசெய்துவிடும் கருவி. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆபீஸ் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, மில் டேட்டாவின் நகல் மேல் பட்டனைத் தட்டினேன். பெயர் மாறியது அதற்குப் புரியவில்லை. பழைய பத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு வெறும் பத்தியை வைத்தது.

"பேரைத்தான் மாத்துனேன், உள்ள இருந்ததைப் பூரா முழுங்கிருச்சு பாருங்க."

நான் கேட்டது ஓர் இலவசக் கருவி. ஒவ்வொரு மாற்றத்தையும் நாமே கோப்பாக எழுத வேண்டும். இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது சர்வரில் ஏறும். யார் எழுதினார், யார் பார்த்தார் என்பது அழியாமல் நிற்கும்.

"ஓசிக் கருவிய நம்பி மில்லை ஓட்டுறதா?" என்று சிரித்தார் சீனியர்.

"உங்க லேப்டாப்பை நம்பி ஓட்டலையாண்ணே?"

முதலாளி சம்மதித்தார். என் கருவியே வந்தது.

போன வாரம் மில்லில் இருந்து முதலாளி போன் போட்டார். "அவசரம்மா, இந்த ஒரு தடவை நேரா சர்வர்ல மாத்திவிடு."

"கோப்பா எழுதுறேன் அண்ணாச்சி. இன்னொருத்தர் பாத்ததும் ஏறிரும்."

"நீ நெனச்சா முடியும்மா."

"முடியாது அண்ணாச்சி. நேரா மாத்துற உரிமைய எல்லார்கிட்ட இருந்தும் எடுத்தேன்ல? மொதல்ல எடுத்தது என்னோடதை."