நாற்பது காலை உணவும் என் முதல் செயலியும்

இணையச் செயலி கட்டும் தொழிலில், கட்டியவரைத் தவிர எல்லாருக்கும் பிழை உடனே தெரிந்துவிடும். கணவர் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அறுபத்தாறு வயதில் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்து, கலூரில் செயலி கட்டக் கற்றுத்தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்துத் திணறுகிறவர்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

அழகான பொத்தான்

முதல் மாதம் ஒரு பக்கம் செய்தேன். காயல் நிறப் பின்னணி, நடுவில் ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் அழுத்திக்கொண்டே இருந்தேன். பாடம் எடுக்கும் மலையாளப் பெண் அஞ்சலி திரையைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். “ஆண்ட்டி, பட்டன் அடிபொளி! பக்ஷே அதுக்கு நீங்க ஒரு ஜோலியும் கொடுக்கலையே.”

சாத்திய கடை

எதிர்வீட்டுச் செல்வி தென்காசிக்காரி. இட்லியும் இடியாப்பமும் செய்து விற்பவள். லாட்ஜ் வாடிக்கை கைவிட்டுப் போயிருந்தது. ஜூ டவுனில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைப் புதுப்பிக்கும் நாற்பது பேருக்குக் காலை உணவு தரும் வேலை கிடைக்காவிட்டால், அடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். யாருக்கு எது என்று குழம்பும் என மேஸ்திரி தயங்கினார். ஒரே ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆர்டர் எடுக்க நான் ஒரு செயலி செய்தேன். என் கணினியில் ஜம்மென்று திறந்தது. முகவரியைச் செல்விக்கு அனுப்பினேன்; அவள் போனில் திறக்கவில்லை. என் கணினிக்குள் மட்டும் ஓடுகிற முகவரி அது என்று அசடு வழிய விளக்கினேன். “வீட்டுக்குள்ள கடையப் போட்டு, கதவையும் சாத்திட்டு, ஆளக் காணோம்னா எப்படிம்மா?”

கோர்ட் நோட்டீஸ்

பிறகு சர்வரில் ஏற்றினேன். எல்லாருக்கும் திறந்தது. ‘காலை உணவைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்து ஓசைகூடப் பார்த்திருந்தேன். ஆனால் அந்த வேலையாட்களில் பலர் இங்கேயே பிறந்த தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். என் வரியை அவர்களால் வாசிக்க முடியவில்லை; நானே வாசித்துக் காட்டியும் விழித்தார்கள். ‘என்ன சாப்பிடறீங்க?’ என்று மாற்றி, அதை மலையாள எழுத்தில் போட்டேன். பெயின்டர் முருகேசன் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். “இப்ப எங்கம்மா கேக்கற மாதிரி இருக்கு சேச்சி. முன்னாடி கோர்ட் நோட்டீஸ் மாதிரில்ல இருந்துச்சு!”

ஒரே ஒரு சொல்

மேஸ்திரி குறித்த நாளுக்கு முந்தைய நாள் சாயங்காலமே நாற்பது ஆர்டரும் வந்துவிட்டன. விடியற்காலை எழுந்து பார்த்தேன். கடைசித் திரையில் ‘முடிந்தது’ என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ‘கிடைத்தது’ என்று மாற்றி மறுபடி ஏற்றினேன். சொல் மாறியது, நாற்பது ஆர்டரும் காணாமல் போயின. ஆர்டர்கள் சேரும் கோப்பைச் செயலியோடு சேர்த்தே வைத்திருந்தேன். புதியதை ஏற்றினால் பழையது அதோடு அழியும் என்று அஞ்சலி சொன்னபோது நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

செல்வி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நடங்க” என்று மட்டும் சொன்னாள். கிடங்குக்குப் பின்னால்தான் அவர்கள் தங்கியிருந்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் எழுதினோம். எட்டு மணிக்கு ஒரு பொட்டலம்கூட மாறாமல் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரி செல்விக்கே வேலையைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சேச்சி, செயலி இருக்கட்டும். ஆளுங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க அதுல கை வைக்கக் கூடாது.”

ஒரு சொல்லை மாற்றுவதற்கு முன் மற்றவர்கள் சொன்னதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள, எனக்கு அறுபத்தாறு வயதும் நாற்பது பேரின் பசியும் தேவைப்பட்டன.